வெஸ்லியின் மூன்று கட்டளைகள்

பொருளைப் பற்றிக் கிறித்தவம் என்ன கூறுகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் நினைவுக்கு வருவன ஊசியின் காதும் ஒட்டகமுமே. அந்த ஓர் உவமையைக் கொண்டு, கிறித்தவம் செல்வத்தை வெறுக்கும் சமயம் என முடிவு கட்டிவிடுவோர் உளர். இதற்கு நேர்மாறாக, மேனாட்டு வணிகமும் தொழிலும் தழைத்ததே புரொட்டஸ்டண்டுச் சமயத்தால்தான் என்று சாதிப்போரும் உளர். இவர்கள் துணைக்கு அழைப்பது ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் 1904-05ஆம் ஆண்டுகளில் எழுதிய ஆய்வுரையை. (வெபர் அத்துணை எளிதாகச் சொல்லவில்லை என்பது வேறு செய்தி.) இவ்விரு சாராரும் ஒருமுறை பொறுமையோடு படிக்க வேண்டிய ஓர் அருளுரை உண்டு. மெதடிஸ்து இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, பணத்தைப் பயன்படுத்தும் முறை குறித்து 1760இல் வெளியிட்டது அது.

பணம் என்பது வெஸ்லிக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. அவர் 1703இல் பிறந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய தந்தையார், ஊர்ப் போதகராக இருந்தும், கடனுக்காக லிங்கன் கோட்டையில் சிறைப்பட்டார். வறுமை பக்தியை வளர்க்கும் என்று போற்றிப் பேசும் பழக்கம் வெஸ்லியிடம் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பணத்தைத் தீமையின் ஊற்று என்று பழித்த கவிஞர்களோடு அவர் உடன்படவில்லை. பசித்தவனுக்குச் சோறாகவும், ஆடையற்றவனுக்கு ஆடையாகவும், நோயாளிக்கு மருந்தாகவும் மாறக்கூடிய பொருளை ஏன் பழிக்க வேண்டும் என்பதே அவர் கேள்வி. லூக்கா சுவிசேஷத்தில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமையே அருளுரைக்கு அடிப்படை. மனிதன் பொருளுக்கு உடையவன் அல்லன், உக்கிராணக்காரனே. கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் என்னும் கருத்து உரை முழுவதும் இழையோடுகிறது.

இயன்றவரை ஈட்டுவது, இயன்றவரை சேமிப்பது, இயன்றவரை கொடுப்பது என்பன வெஸ்லியின் மூன்று கட்டளைகள். சுருக்கமும் எதுகை போன்ற அமைப்பும் உடையவை ஆதலின் இவை எளிதில் நாவில் ஒட்டிக்கொண்டன. கேடும் அங்கேயே தொடங்கியது. முதற் கட்டளையைத் தனியே பிரித்தெடுத்தால் அது எந்த வணிகனும் விரும்பும் வாழ்த்தாகிவிடும். ஆனால் அருளுரையைத் திறந்து பார்ப்போர் காண்பது வேறு. ஈட்டுக என்று சொன்ன மறுகணமே வெஸ்லி வேலி கட்டத் தொடங்குகிறார். பக்கம் பக்கமாக வேலிதான்.

உயிரைக் கொடுத்து ஈட்டலாகாது. உடல்நலத்தைக் கொடுத்தும் ஈட்டலாகாது. ஈயம், பாஷாணம் முதலியவற்றின் நச்சுக்காற்றில் உழைப்பதையும், வளைந்து உட்கார்ந்து நெடுநேரம் எழுதுவதையும் அவர் பெயர் சுட்டியே சொல்கிறார். எழுத்து வேலை பார்க்கும் கிராணிமார் இப்பகுதியைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவர். மனத்தைக் கெடுத்து ஈட்டுவதும் கூடாது: சுங்கத்தை ஏய்ப்பது, பொய் சொல்லாமல் நடத்த முடியாத தொழிலில் நிலைப்பது ஆகியவை இவ்வகை. இவ்விடத்தில் அவர் கூறும் ஒரு செய்தி வியப்புக்குரியது. கணிதத்தை முற்றக் கற்கப் புகுந்தால் தமக்கு இறைப்பற்றுத் தளரும் என்றும், பிறர்க்கு அவ்வாறு நேராமல் இருக்கலாம் என்றும் எழுதுகிறார். கணித ஆசிரியர்கள் வருந்த வேண்டுவதில்லை. ஒருவனுக்குத் தீங்கில்லாத தொழில் மற்றொருவனுக்குத் தீங்காகலாம் என்பதே கருத்து. பொதுச் சட்டத்தால் அளக்க முடியாத இதனைத் தன் மனச்சான்றைக் கொண்டு அவனவனே அளந்துகொள்ள வேண்டும் என்று விட்டது வெஸ்லியின் நுட்பம்.

அடுத்தவனைக் கெடுத்து ஈட்டலாகாது என்னும் பகுதியே விவாதத்துக்கு இடமானது. சூதாட்டமும், மருத்துவரும் வழக்கறிஞரும் ஏற்றிப் போடும் கூலியும், அடகுக்கடை வட்டியும் விலக்கப்படுவதை யாரும் எதிர்பார்ப்பர். சந்தை விலைக்குக் குறைத்து விற்று அயல்கடைக்காரனின் வாணிபத்தை அழிப்பதும், அவனிடம் உள்ள வேலையாளை ஆசைகாட்டி இழுத்துக்கொள்வதும் பாவமென்று சேர்க்கப்பட்டிருப்பது இன்றைய வணிகருக்கு நகைப்பைத் தரும். பினாங்கில் ஒரே வரிசையில் பத்து மளிகைக்கடைகள் உள்ள தெருவில் இக்கட்டளை எப்படிச் செல்லும்? இங்கே வெஸ்லியின் பார்வை சிறு வணிகனின் பார்வையாகவே நின்றுவிடுகிறது. விலை குறைந்தால் வாங்கும் ஏழைக்கு நன்மை என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. வேலையாளைப் பற்றிய விதியிலும் அதே குறை உண்டு. கூலி கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குச் செல்லும் தொழிலாளியின் உரிமை அங்கே கண்ணில் படவில்லை.

ஆயினும் தமிழ் மரபோடு ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வாணிபம் என்ற வள்ளுவர் கருத்தும், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பாடும் பட்டினப்பாலையும் விற்பவன், வாங்குபவன் ஆகிய இருவருக்கு இடையே உள்ள துலாக்கோலையே பார்க்கின்றன. வெஸ்லி, விற்பவனுக்கும் விற்பவனுக்கும் இடையிலும் ஓர் அறம் உண்டு என்கிறார். விடை தவறாயினும் கேள்வி புதிது.

வட்டியைப் பற்றி அவர் சொல்வதோ ஏமாற்றம் தருவது. நாட்டுச் சட்டம் விலக்கிய வட்டியை வாங்கலாகாது என்பதோடு அமைகிறார். அக்காலத்து இங்கிலாந்துச் சட்டம் நூற்றுக்கு 5 என்று வரம்பிட்டிருந்தது. 1854இல் அவ்வரம்பே நீக்கப்பட்டது. சட்டம் மாறியபின் மனச்சான்று எதைப் பற்றிக்கொள்ளும்? கணிதத்தில் அத்துணை நுட்பம் காட்டியவர், கிட்டங்கிகளின் ஊராகிய பினாங்குக்கு மிகவும் வேண்டிய இவ்விடத்தில் கையை விரித்துவிட்டார்.

சேமிப்பும் ஈகையும் பற்றிய பகுதிகள் எளியவை. சேமிப்பு என்று அவர் சொல்வது பெட்டியில் பூட்டுவதை அன்று. நாவின் சுவைக்கும் கண்ணின் பகட்டுக்கும் செலவிடாமையை. பிள்ளைகள் வீணாக்குவர் எனில் அவர்களுக்கும் பெருஞ்செல்வம் வைக்கலாகாது என்பது நம் குடும்பங்களில் எளிதில் செல்லாத அறிவுரை. வெஸ்லி சொன்னவாறே வாழ்ந்தார். ஆக்ஸ்போர்டில் ஆண்டுக்கு 30 பவுன் வருவாய் இருந்தபோது 28 பவுனில் வாழ்ந்தார், வருவாய் இருமடங்கானபோதும் அதே 28தான், மிகுதியெல்லாம் ஏழைகளுக்கு. 1776இல் வரி அதிகாரிகள் அவருடைய வெள்ளிப் பாத்திரங்களுக்குக் கணக்குக் கேட்டபோது, லண்டனில் இரண்டும் பிரிஸ்டலில் இரண்டுமாகத் தம்மிடம் உள்ள நான்கு கரண்டிகளை மட்டும் எழுதி அனுப்பினார். முதுமையில் அவரை வாட்டியது வேறு. தம்மைப் பின்பற்றியோர் முதலிரு கட்டளைகளைக் கைக்கொண்டு செல்வராகி, மூன்றாவதை மறந்தனர் என 1789இல் மனம் வெதும்பி எழுதினார். வெபர் எடுத்துக்காட்டுவதும் வெஸ்லியின் இவ்வகை அச்சத்தையே.

நம்மவரில் இதற்கு ஒப்பாகக் கூறத்தக்கவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர். 1859இல் வெளிவந்த அவருடைய நீதிநூல் கைக்கூலியைத் தனித் தலைப்பில் கடிகிறது. 1876-78 பஞ்சத்தில் அவர் தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். வெஸ்லி கடைவாயிலில் நின்று பார்த்ததை வேதநாயகர் நீதிமன்ற மேடையிலிருந்து பார்த்தார் எனலாம்.

இனி, மதுவைப் பற்றிய பகுதி. அருளுரையில் வெஸ்லியின் குரல் உயர்வது இங்குத்தான். மருந்துக்கு அன்றிச் சாராயம் காய்ச்சி விற்போரைப் பொதுக் கொலைஞர் என்கிறார். அவர்களுடைய மாளிகையிலும் தோட்டத்திலும் இரத்தக்கறையைக் காண்கிறார். மெதடிஸ்துகள் 1891இல் பினாங்கில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கியபோது இவ்வூரில் அபினி, அரசாங்கம் குத்தகைக்கு விட்ட பண்டம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்தே வந்தது. 1907இல் அமைக்கப்பட்ட அபினி விசாரணைக் குழுவில் மெதடிஸ்துப் பேராயர் ஓல்டாம் ஓர் உறுப்பினர். 1910இல் குத்தகை முறை நீங்கி அரசாங்கமே அபினியை விற்கலாயிற்று. குத்தகைக்காரத் தவுக்கேயை வெஸ்லியின் சொற்களால் கடிவது எளிது. ஆனால் அரசாங்கமே விற்று, அப்பணத்தில் சாலையும் மருத்துவமனையும் அமைத்தபோது இரத்தக்கறையை எவர் தோட்டத்தில் தேடுவது?

தோட்டப்புறங்களில் இருந்த கள்ளுக்கடை இதனினும் சிக்கலானது. தோட்டத்துக் கள்ளுக்கடையின் இலாபம் துரையின் பைக்குப் போகலாகாது, தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்று விதி இருந்தது. தகப்பன் சம்பள நாளில் குடித்த காசு, நலநிதி என்ற பெயரில் அவன் குடும்பத்துக்கே திரும்பியது. இதில் தனக்கென்று ஈட்டியவன் யார்? ஒருவருமில்லை. நிதி இருந்தவரை கடையை மூடச் சொல்பவன் தொழிலாளர் நலனுக்கு எதிரி போலவும் காட்டப்படலாம். 1947இல் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து காவல்துறையினரோடு மோத நேர்ந்தபோது, அவர்கள் நலநிதிக் கணக்கைப் பார்த்துத் தயங்கவில்லை. வெஸ்லியை அவர்கள் படித்திருக்கவும் வேண்டுவதில்லை.

அருளுரையின் அடிப்படைக் குறை இங்கே வெளிப்படுகிறது. ஈட்டுபவன், சேமிப்பவன், கொடுப்பவன் ஆகிய மூவரும் ஒரே ஆள் என்ற எண்ணத்தின் மேல் அது கட்டப்பட்டுள்ளது. ஒருவன் ஈட்ட, இன்னொருவன் வைத்திருக்க, மூன்றாமவன் அறம் செய்யும் அமைப்பில் மூவரும் தத்தம் கை தூய்மை என்று சொல்லிவிட முடியும்.

இக்குறையை வெஸ்லியே பிற்காலத்தில் நிரப்பினார் என்பது பலர் கவனியாத செய்தி. 1774இல் அவர் எழுதிய அடிமைமுறை பற்றிய சிறுநூலில் கப்பல் தலைவன், வணிகன், விலைக்கு வாங்கிய தோட்ட முதலாளி என ஒவ்வொருவரையும் தனித்தனியே முன்நிறுத்திப் பேசுகிறார். விலை கொடுத்து வாங்கியவனும் திருடியவனும் ஒரே தரம் என்கிறார். வணிகனிடமோ, இத்தனை பேரையும் இயக்கும் விசை உன் பணமே என்கிறார். கப்பலைக் கண்ணால் காணாது, இலாபப் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு, ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வந்த நல்ல மனிதனையே அவர் இவ்வாறு சுட்டினார். ஈகையால் இதனை ஈடுசெய்யலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

எனவே 1760ஆம் ஆண்டு அருளுரையை 1774ஆம் ஆண்டு நூலோடு சேர்த்தே படிக்க வேண்டும். முன்னது இருவருக்கு இடையே நடக்கும் வாணிபத்தை அளக்கும். பின்னது பணம் செல்லும் வழி முழுவதையும் பின்தொடரும். பெரும்பாலான மெதடிஸ்துகள் முன்னதை மட்டும் மனப்பாடம் செய்தனர். வெஸ்லிக்கோ பின்னதே இறுதிவரை நெஞ்சில் நின்றது. 1791 மார்ச்சு 2ஆம் நாள் அவர் மறைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு, பிப்ரவரி 24இல், அடிமை வாணிபத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்சுக்கு ஊக்கமளித்து மடல் எழுதினார். பிரிட்டன் அவ்வாணிபத்தை 1807இல் சட்டத்தால் ஒழித்தது. பினாங்கின் அபினிக் குத்தகை அதன் பின்னும் நூறாண்டுக்கு மேல் நடந்தது.