கேட்பவரின் முகம்

1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் தன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சிக்குப் பாராட்டெல்லாம் பெரும்பாலும் நாகேஷுக்கே போகிறது. நியாயம்தான், பின்னணி ஓசைகளைக்கூட வாயாலேயே எழுப்புகிறார். ஆனால் காட்சியைத் தாங்குவது, கேட்டுக்கொண்டிருக்கும் டி.எஸ்.பாலையா. விழி விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது, ஒவ்வொரு ஓசைக்கும் முகம் புதிதாகப் பதறுகிறது. சிரிக்க வைக்க அவர் முயல்வதே இல்லை. மனதார பயப்படுகிறார், அதனால்தான் நமக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. எவ்வளவு பொறுமையான நடிப்பு!

அதே படத்தில் நண்பனின் பணக்கார அப்பாவாக நடிக்க முத்துராமன் போடும் கிழவர் வேஷம் யாரையும் ஏமாற்றாது, கதையும் மெலிது என்பார்கள். இருக்கட்டும். வேஷத்தை நம்பவேண்டியவர் நாமல்ல, பாலையா. மகன் வாயால் எழுப்பும் ஓசைக்கே நடுங்கும் அந்த வெள்ளை மனசு, பணக்காரச் சம்பந்தம் என்றதும் ஒட்டுத்தாடியையா உற்றுப் பார்க்கப்போகிறது?