ஒல்லியான முனை, உறுதியான நடு

ஸ்னூக்கர் க்யூவைப் பற்றிப் பேசினால் ஆட்டக்காரர்கள் முதலில் எடையைச் சொல்வார்கள், அடுத்து டிப்பை. ஷாஃப்ட் எப்படி ஒடுங்கி வருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கைக்கு அந்த க்யூ எப்படிப்பட்டது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த டேப்பர்தான்.

அடிப்பக்கம் சுமார் 29 மி.மீ., டிப் அருகே 9.5 மி.மீ. இடையிலுள்ள நீளம் முழுக்கச் சீராகக் குறைந்துகொண்டே வருவது ஸ்னூக்கர் மரபு. பூல் க்யூ பலவற்றில் முன்பக்கம் ஓரடிக்கு ஏறக்குறைய ஒரே தடிமன். ஆள்காட்டி விரலை வளையமாக்கிப் பிடிப்பவர்களுக்கு அது தேவை. ஸ்னூக்கரில் கட்டைவிரலை ஒட்டிய பள்ளத்தில் ஷாஃப்ட் சும்மா சறுக்குகிறது. சரிவு சீராக இருந்தால், குறிபார்த்து முன்னும் பின்னும் ஆட்டும்போது டிப் ஒரே கோட்டில் போய்வரும். நடுவில் லேசாகப் புடைத்திருந்தாலும் டிப் மேலும் கீழும் அசையும். கண்ணுக்குத் தப்பும் அந்தப் புடைப்பு விரலுக்குத் தப்பாது. டிப் இப்படி ஒரே கோட்டில் போய்வருவதுதான் மரபான டேப்பரின் பெரிய பலம்.

ஷாஃப்டை இன்னும் மெலிதாக இழைத்துக்கொள்ளும் பழக்கத்தில் லாபமும் உண்டு. முனையின் எடை குறைந்தால், சைடு (பக்கச் சுழற்சி) வைத்து அடிக்கும்போது வெள்ளைப் பந்து குறியை விட்டு விலகுவதும் குறையும். ஆனால் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 10 மி.மீ. இருந்த இடத்தை 9.5 ஆக்கினாலே அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விறைப்பு போய்விடும்.

நடுப்பகுதியையும் சேர்த்து மெலிய வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டிப் பந்தைத் தொட்டிருப்பது ஓரிரு மில்லிசெகண்டுதான். அதற்குள் பக்கவாட்டு வளைவு முனையை விட்டு அதிக தூரம் பரவாது. ஆகவே நடுவை இழைத்து அதிகச் சுழற்சி வாங்கிவிட முடியாது. கைக்கு அதிர்வுதான் கூடும். மெதுவான ஷாட்டில் அது இதமாக இருக்கலாம். மேசையின் மறுகோடியிலிருந்து முழு வேகத்தில் ஸ்க்ரூ (பின்சுழற்சி) போடும்போது அதே ஷாஃப்ட் துவளும்.

ஸ்னூக்கர் வீரர் ஸ்டீஃபன் ஹென்ட்ரி 1990 முதல் 1999 வரை 7 உலகப் பட்டங்களை வென்றது சிறுவயதிலிருந்து வைத்திருந்த ஒரு மலிவான க்யூவால். கை ஒரு டேப்பருக்குப் பழகிவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. உப்புத்தாளால் அடிக்கடி தேய்த்தாலும் அதே கதிதான். உணர்வு பிடிக்கவில்லையென்றால் முதலில் டிப்பை மாற்றிச் சில வாரம் ஆடுங்கள். பிறகும் தீரவில்லையென்றால், க்யூ செய்பவரிடம் முன் ஓரடியில் மட்டும் கைவைக்கச் சொல்லுங்கள்.