ஒரு நாள் கணக்கு: உணவுக்குழாய் அமிலச் சோதனையின் பலமும் பலவீனமும்

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று மருத்துவரிடம் போகிறவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பான்டோபிரசோல் அல்லது ஒமிப்ரசோல் மாத்திரைதான். மாத்திரைக்குக் கேட்டால் அமிலக் கோளாறு, கேட்காவிட்டால் வேறு ஏதோ என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவை அப்படியே நம்ப முடியாது. அமிலம் மேலேறாதவருக்கும் மாத்திரையில் சுகம் தெரிவதுண்டு. ஏறுகிறவருக்கும் தெரியாமல் போவதுண்டு. எண்டோஸ்கோபி செய்தாலும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோரின் உணவுக்குழாயில் புண் எதுவும் தென்படுவதில்லை. உணவுக்குழாயில் அமிலம் எவ்வளவு நேரம் படுகிறது என்று நேரடியாக அளக்கும் பிஎச் சோதனை இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது.

மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உணவுக்குழாயின் கீழ்ச் சுருக்குத் தசைக்கு 5 செ.மீ. மேலே அதன் உணர்முனையை நிறுத்துகிறார்கள். இடுப்பில் ஒரு பதிவுக் கருவி. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் எரிச்சல் வரும்போதும் நோயாளி அதிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். 24 மணி நேரத்தில் பிஎச் 4-க்குக் கீழே, அதாவது அமிலம் கடுமையாக, இருந்த நேரம் எத்தனை சதவீதம் என்பதே முக்கியமான விடை. பெப்சின் என்னும் செரிமான நொதி பிஎச் 4-க்கு மேலே பெருமளவு செயலிழந்துவிடுகிறது. ஆகவே அந்த எல்லை மனம்போல வைத்ததல்ல.

1974-இல் மருத்துவர்கள் ஜான்சனும் டிமீஸ்டரும் இந்த நேரம், படுக்கையில் பட்ட அமிலம், மிக நீண்ட ஒற்றை நிகழ்வு உள்ளிட்ட ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண்ணை வகுத்தார்கள். அது 14.72-ஐத் தாண்டினால் நோய். 2018-இல் வெளியான, நிபுணர்களின் ‘லியோன் ஒருமித்த கருத்து’ கணக்கை எளிதாக்கியது: மொத்த நேரத்தில் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 6-க்கு மேல் போனால் நோய், இடையில் இருப்பவர்களுக்கு வேறு சான்றும் வேண்டும்.

எளிமையால் நன்மை உண்டு. எந்த மருத்துவமனையில் அளந்தாலும் ஒரே மொழியில் பேசலாம். ஆனால் அந்த எளிமையில் மறைந்துபோவதையும் பார்க்க வேண்டும். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். ஒருவருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகெல்லாம் ஒவ்வொரு நிமிடமாக அறுபது முறை அமிலம் எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் உமிழ்நீர் விழுங்கியதும் அடங்கிவிடுகிறது. இன்னொருவருக்கு நள்ளிரவில் ஒரே முறை ஏறி, ஒரு மணி நேரம் அங்கேயே தங்குகிறது. தூக்கத்தில் விழுங்குவதும் உமிழ்நீர் சுரப்பதும் குறைந்துவிடுவதால் அதைக் கழுவ ஆளில்லை. இருவருக்கும் விடை ஏறக்குறைய 4.2 சதவீதம். இருவரின் உணவுக்குழாயும் படும் பாடு ஒன்றாகுமா? பிஎச் 3-ஐவிட பிஎச் 1-இல் அமிலம் நூறு மடங்கு கடுமை. சதவீதத்தில் அந்த இரண்டுக்கும் ஒரே மதிப்பு. எனவே, எண்ணை மட்டும் படித்துவிட்டு வரைபடத்தைப் புரட்டாத அறிக்கையை அரை அறிக்கை என்றே சொல்வேன்.

இதைவிடப் பெரிய குறை சோதனை நடக்கும் நாளில் இருக்கிறது. மூக்கில் குழாயோடு இருப்பவர் வெளியே போகக் கூசுகிறார், குறைவாகச் சாப்பிடுகிறார், குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதில்லை. அமிலத்தை மேலே தள்ளும் காரணங்கள் அனைத்தும் அன்றைக்கு விடுப்பில் இருக்கின்றன. குழாயால் சிரமம் இல்லாதவருக்கும் அமிலம் நாளுக்கு நாள் மாறும். முதல் நாள் இயல்பாக இருந்து மூன்றாம் நாள் எல்லை தாண்டுவோர் உண்டு. எண்டோஸ்கோபி வழியே உணவுக்குழாய்ச் சுவரில் பொருத்தும் சிறு கம்பியில்லா கேப்ஸ்யூல் 96 மணி நேரம் வரை பதிவுசெய்வது இதற்கு நல்ல மாற்று. செலவு கூடும், சிலருக்கு நெஞ்சு வலிக்கும். ஆனாலும் முடிந்த இடங்களில் அதையே தேர்வது சரி என்பது என் கருத்து.

அமிலம் குறைந்த திரவம் மேலேறினால் பிஎச் முனைக்குத் தெரியாது. அதற்கு மின்தடையையும் சேர்த்து அளக்கும் குழாய் வேண்டும். மாத்திரை எடுத்தும் தொல்லை தீராதவர்களுக்கு இது பயன்படும்.

இத்தனை குறைகளுக்கும் பிறகும் இந்தச் சோதனைக்கு ஈடாக வேறொன்று இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பு, எண்டோஸ்கோபியில் தெளிவான சான்று இல்லாத எவருக்கும் இதைத் தவிர்க்கக் கூடாது. இதன் ஆகப் பெரிய சேவை “உங்களுக்கு அமில நோய் இல்லை” என்று உறுதியாகச் சொல்லி, தேவையில்லாத மாத்திரையிலிருந்து ஒருவரை விடுவிப்பதே. நோய் உண்டா என்று அறிவதற்கான சோதனை என்றால், மருத்துவர் சொன்னபடி மாத்திரையை ஏழு நாள் முன்பே நிறுத்துங்கள். சோதனை நாளில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, வழக்கமான வேலையையே செய்யுங்கள்.