காலையில் வலிக்காத பிக்கப்பும் ஒரு புளூடூத் டாங்கிளும்

மார்கழி விடியற்காலையில்கூடக் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் டீசல் பிக்கப் காலையில் வலிக்கவில்லை, அதாவது இழுக்கவில்லை என்றால் முதல் பழி 'தணுப்பு' மேல்தான். அடுத்தது ஹீட்டர் பிளக். நான்கையும் கழற்றிப் புதிது போடுவார்கள், மறுநாளும் வண்டி அதே முனகலோடு கிளம்பும். காமன் ரெயில் எஞ்சினில் நம்மூர் வெப்பத்தில் ஹீட்டருக்குப் பெரிய வேலையே கிடையாது. இங்கே வண்டியைக் கெடுப்பது குளிரல்ல, ராத்திரி முழுக்க அது சும்மா நிற்பது. மலிவான ஸ்கேனர் ஒன்றால் இந்தக் கோளாறின் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க, ஈஎல்எம்327 வகை புளூடூத் டாங்கிளையும் 'கார் ஸ்கேனர்' செயலியையும் பக்கத்து வீட்டு அண்ணனின் பிக்கப்பில் போட்டுப் பார்த்தேன்.

பிஎஸ்4 காலத்து வண்டி. தேங்காப்பட்டணத்தில் மீன் ஏற்றி மார்த்தாண்டம் போகும். "செல்ஃபு நீளமா அடிக்கணும் தம்பி. கிளம்பினப்பொறவும் ஏத்தத்துல எவ்வளவு சவுட்டினாலும் வலிக்கல்ல. ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓடினா தானா சரியாயிரும்" என்றார். கரும்புகை இல்லை. வெள்ளைப் புகையும் சொல்லும்படி இல்லை.

டாங்கிளைப் பற்றி முதலில். எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் சில்லு இது. முதல் பதிப்புக்குப் பூட்டுப் போடாமல் விட்டதால் ஊர் உலகமெல்லாம் நகலெடுத்தார்கள். அந்த நிறுவனமே 2022இல் கடையை மூடிவிட்டது. இன்று சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது அநேகமாக எல்லாமே நகல்தான். பெட்டியில் '1.5' என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். அப்படியொரு பதிப்பை எல்ம் வெளியிட்டதே இல்லை! நகல் என்பதால் ஆகாது என்றில்லை. ஆனால் நிதானம். ஒரே திரையில் பத்து அளவுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் ஆடி அசைந்து வரும். நான்கோடு நிறுத்திக்கொண்டால் ஓரளவு ஓட்டத்தோடு வருகிறது.

ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகிக் கோளாறுக் குறியீடுகளைக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இதற்காகவே இந்தக் கருவியை வாங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் ஏமாற்றம் இது. காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம் (ரெயில் அழுத்தம்) குறைந்தால் பி0087, டர்போ காற்றழுத்தம் குறைந்தால் பி0299 என்று குறியீடுகள் உண்டு. ஆனால் குறை குறிப்பிட்ட அளவைத் தாண்டி, குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் எஞ்சினின் கணினியான ஈசியு அதைப் பதிவு செய்யும். விட்டு விட்டு வரும் காலைத் தடுமாற்றம் அந்தக் கணக்கில் சேராது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியாததால் வண்டிக்கு ஒன்றுமில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கருவியில் காசு கொடுத்து வாங்கத் தகுந்த விஷயம் நேரலை அளவுகள்தான். அதிலும் எஞ்சினைக் கிளப்பும் முன் பார்க்க வேண்டியவை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் ஆன் செய்தால் கூலண்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கூலண்ட் சென்சாரின் ஒயர் அறுந்திருந்தால் செயலி மைனஸ் 40 என்று காட்டும். கருங்கல்லில் மைனஸ் 40! ஈசியு அதை நம்பினால் டீசல் கணக்கு மொத்தமும் பிசகும். மீன் வண்டிகளில் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பட்டுக் கனெக்டர் பின்கள் பச்சை பூத்துக் கிடக்கும். இந்த வண்டியில் கூலண்ட் 26, காற்று 27. சென்சார் சுத்தம். எஞ்சின் ஓடாதபோது மேனிஃபோல்டு அழுத்தம் 100 கிலோபாஸ்கல் அளவில் இருக்க வேண்டும், கடலுக்குப் பக்கத்து ஊர் என்பதால். இருந்தது.

அடுத்து செல்ஃப் அடித்தோம். இங்கேதான் டாங்கிள் காலை வாரியது. செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் சரியும், மலிவு டாங்கிள் அணைந்து மறுபடி விழிக்கும். ரெயில் அழுத்தம் சுமார் 200 பார் ஏறினால்தான் ஈசியு இன்ஜெக்டரைத் திறக்கும். அது ஏறத் தாமதமாகிறதா என்று பார்க்க வேண்டிய அந்தச் சில விநாடிகள் திரையில் வெறுமையாகக் கழிந்தன. பேட்டரி புதிதாக இருந்தால் சில நேரம் தப்பிக்கிறது. நம்பி இருக்க முடியாது.

ஏற்றத்தில் அந்தக் குறையை ஈடுகட்டிவிட்டது. சும்மா ஓடும்போது ரெயில் அழுத்தம் 280 பார் பக்கம் இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் சட்டென்று ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். அறுநூறுக்கு ஏறி, நானூறுக்கு விழுந்து, மறுபடி ஏறி, வரைபடம் அரம்பப் பல் மாதிரி வந்தது. ரெயில் அழுத்தம் ஒழுங்காக ஏறியும் இழுவை இல்லையென்றால் டர்போ ஹோஸ், இஜிஆர் வால்வு என்று காற்றுப் பக்கம் போயிருக்கலாம். இங்கே குறை டீசல் பக்கம். அரம்பப் பல் வடிவம் லைனில் காற்று புகுவதன் அடையாளங்களில் ஒன்று. சில கிலோமீட்டர் ஓடினால் சரியாவதும் அதனால்தான். ராத்திரி நுழைந்த காற்று ரிட்டர்ன் வழியாக வெளியேறிவிடுகிறது.

எங்கிருந்து புகுகிறது என்பதைச் செயலி சொல்லாது. இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நம்மூரில் சமதரை கிடைப்பதுதான் கஷ்டம், சரிவுக்குப் பஞ்சமில்லை. அண்ணன் வழக்கமாக முகப்பு மேட்டைப் பார்க்க நிறுத்துவார். டீசல் இரவெல்லாம் டேங்குக்கு வழிந்து இறங்க அது தோது. முகப்பு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன். காலையில் அரைச் சுற்றில் கிளம்பியது. மெக்கானிக் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைப் போட்டார், உள்ளே குமிழ்கள் வரிசையாக ஓடின. ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. இந்த வகை வண்டியில் டேங்கில் மோட்டார் கிடையாது, பம்பு தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அதனால் அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லாததால் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரிங் மாற்றி, பிரைமரை அழுத்திக் காற்றை எடுத்ததும் தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளில் நாசில் நட்டைத் தளர்த்திக் காற்றெடுத்த கை, காமன் ரெயிலிலும் அங்கேயே போகும். கூடாது. எஞ்சின் ஓடும்போது பம்புக்கு அப்புறமுள்ள பைப்பைத் தளர்த்தினால் பல நூறு பார் அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டாங்கிளால் ஆகாத வேலைகளும் நிறைய. ஈசியு கேட்கும் ரெயில் அழுத்தம் எவ்வளவு, எந்த இன்ஜெக்டருக்கு எவ்வளவு திருத்தம் கொடுக்கிறது என்பதையெல்லாம் இந்த வண்டியில் அது காட்டவில்லை. அதற்குக் கம்பெனி ஸ்கேனர் வேண்டும். இன்ஜெக்டர் ரிட்டர்ன் அதிகமா என்று பார்க்க, நான்கு சிறு பாட்டில்களில் டீசலைப் பிடித்து அளக்கும் பழைய முறைதான் இன்றும் நம்பகம்.

வாங்குவதானால்: ஆண்ட்ராய்டு போனுக்குச் சாதாரண புளூடூத் டாங்கிள் போதும், ஐபோனுக்கு வைஃபை அல்லது புளூடூத் 4.0 வகை பார்த்து எடுக்க வேண்டும். 24 வோல்ட் லாரியில் செருக வேண்டாம். குறியீடு ஏதாவது வந்தால் அழிக்கும் முன் திரையைப் படம்பிடித்து வையுங்கள், கூடப் பதிவான அளவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.