பிளாட்டினம் மாறாமலா இருந்தது?

எழுத்தாளன் ஒரு கிரியா ஊக்கி என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. டி. எஸ். எலியட் 1919இல் மரபையும் தனித்திறனையும் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த உவமை அது. ஆக்சிஜனும் சல்ஃபர் டை ஆக்சைடும் இருக்கும் கலத்தில் பிளாட்டினம் இழை ஒன்றை வைக்கிறார். வாயுக்கள் சேர்ந்து அமிலமாகின்றன. பிளாட்டினம் அப்படியே இருக்கிறது. கவிஞனின் மனமும் இப்படி ஒட்டாமல் நிற்க வேண்டும் என்கிறார்.

அமிலத்தின் பெயரையே அவர் மாற்றிச் சொல்லிவிட்டார். போகட்டும், பரீட்சையா எழுதினார்? எனக்குப் பிரச்சினை அந்த 'அப்படியே'தான். கந்தக அமிலத் தொழிற்சாலைகளில் பிளாட்டினம் அப்படியே இருக்கவில்லை. கந்தகத் தாதுவோடு வரும் ஆர்செனிக் அதை நஞ்சாக்கிச் செயலிழக்க வைத்தது. பின்னாளில் அந்த இடத்துக்கு விலை குறைந்த, நஞ்சைத் தாங்கும் வனேடியம் சேர்மம் வந்தது.

அதே வனேடியம்தான் எங்க ஊர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேறொரு வேலை செய்கிறது. சூ ஹான் சென் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், பாலிஎத்திலீனைக் கரைப்பானில் போட்டு 85 டிகிரிக்குச் சூடாக்கி, வனேடிய வினையூக்கியைச் சேர்த்து, ஒளியில் வைக்கிறார்கள். ஆறு நாளில் அது உடைந்து ஃபார்மிக் அமிலம் ஆகிறது. எறும்பு கடித்தால் எரியுமே, அதே அமிலம். எரிபொருள் கலங்களில் மின்சாரமாக்கலாம். தேக்காவில், பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய் போட்டுத் தரும் பை இப்படி எரிபொருளாகலாம் என்பது சின்ன விஷயமில்லை. இங்கே குப்பை எரிக்கப்படுகிறது. சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

ஆனால் இதை 'சூரிய ஒளியால் பிளாஸ்டிக் கரையும்' என்று எழுதுவதோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சோதனையில் இருந்தது செயற்கைச் சூரிய ஒளி. 2023இல் அதே குழு அறை வெப்பநிலையிலேயே செய்து காட்டியபோதும் எல்இடி விளக்குதான். விளக்கையும் சூட்டையும் ஆறு நாளையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது மந்திரக்கதை.

வினையூக்கி நடுவில் என்ன செய்கிறது என்பதையும் நாம் விட்டுவிடுகிறோம். ஒளி பட்டதும் வனேடியம் ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. அதாவது, மாறுகிறது. அந்த மாற்றத்தில்தான் கார்பன் பிணைப்பு அறுகிறது. பிறகு ஆக்சிஜன் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. மறுபடி ஒளி, மறுபடி மாற்றம். கடைசியில் மாறாதது போலத் தெரிகிறதே தவிர, நடுவில் மாறாமல் இருந்தால் ஒரு வேலையும் நடக்காது. எலியட் பார்த்தது தொடக்கத்தையும் முடிவையும் மட்டும்.

இதை நான் வேதியியலுக்காகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய், புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்களைப் பார்த்து, வீடு திரும்பி எழுதும் ஒரு கதைவகை எங்களிடம் உண்டு. கதைசொல்லிக்கு எல்லாம் தெரியும். அவன் மேல் எதுவும் படாது. நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். விலகல் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். இப்போது வாசித்தால், அதில் வினையே நடக்கவில்லை என்று தெரிகிறது. தொழிலாளி தொழிலாளியாகவே இருக்கிறார், நான் நானாகவே இருக்கிறேன், கலத்தில் ஒரு கம்பி சும்மா தொங்குகிறது.

விலகல் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணீர் விட்டு எழுதுவதும் தீர்வில்லை. வனேடியம் திரும்பி வருகிறது. அந்தத் திரும்பல்தான் விலகல். போகாதவன் எங்கிருந்து திரும்புவான்? அடுத்த முறை யாராவது உங்களைக் கிரியா ஊக்கியாக இருக்கச் சொன்னால், சரி என்றே சொல்லுங்கள். கூடவே, வினை நடக்கும்போது கொஞ்சம் மாறிக்கொள்வேன், தேய்ந்தும் போவேன் என்று சொல்லிவிடுங்கள்.