வரிசை தெரிந்தது, காற்புள்ளி தெரியவில்லை

ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு முன்னால் பல பெயரடைகள் வந்தால் எதை முதலில் எழுதுவது? தமிழ்வழியில் படித்துவிட்டுத் திண்டுக்கல்லில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர் இதற்கு மனப்பாடம் செய்யும் விடை, ‘ஓசாஸ்காம்ப்’. கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், மூலப்பொருள், பயன்பாடு ஆகிய எட்டு வகைகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த சூத்திரம் அது.

இதன் பலம் பெரிது. ஆங்கிலம் புழங்காத வீட்டுப் பிள்ளைக்கு, வரிசை பிசகினால் காதே காட்டிக்கொடுக்கும் வசதி கிடையாது. அந்த வசதி உள்ளவர்களுக்கும் காரணம் தெரிவதில்லை. சிறுவனாக இருந்தபோது ‘கிரீன் கிரேட் டிராகன்’ என்று எழுதியதை அம்மா திருத்தியதாகவும், ஏன் அப்படி எழுதக்கூடாது என்பது இன்றும் விளங்கவில்லை என்றும் எழுத்தாளர் டோல்கீன் 1955இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். அவருக்கே பிடிபடாத ஒன்றை எட்டு எழுத்தில் கையில் கொடுத்துவிடுகிறது இந்தச் சூத்திரம்.

குறைகளும் உண்டு. பயிற்சித் தாள்கள் ஐந்தாறு அடைகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்கின்றன. நல்ல ஆங்கில உரைநடையில் இரண்டு அடைகள் இயல்பு, மூன்று அரிது. சூத்திரத்துக்கு அடங்காத வழக்குகளும் இருக்கின்றன. ‘பிக் பேட் வுல்ஃப்’ என்பதில் கருத்தை முந்திக்கொண்டு அளவு நிற்கிறது.

பெரிய குறை வேறு. வரிசையைச் சொல்லித்தரும் பாடம் காற்புள்ளியைச் சொல்லித்தருவதில்லை. அதனால் மாணவர் எல்லா அடைக்கும் நடுவே காற்புள்ளி போடுகிறார், அல்லது எங்குமே போடுவதில்லை. இத்தனைக்கும் விடை அதே சூத்திரத்துக்குள் இருக்கிறது. அடைகள் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை என்றால் பெரும்பாலும் காற்புள்ளி வேண்டாம். ஒரே வகை என்றால் வேண்டும். ‘எ ஸ்மால் ஓல்ட் பிராஸ் லாக்’ என்பதில் அளவு, வயது, மூலப்பொருள் என மூன்று வகை, காற்புள்ளி இல்லை. ‘எ பேஷண்ட், ஆனஸ்ட் டீச்சர்’ என்பதில் இரண்டும் கருத்து, காற்புள்ளி உண்டு. எட்டு வகைகளையும் கற்றுக்கொடுத்துவிட்டு இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விடுவது பாதிக் கிணறு தாண்டுவதுதான்.

இன்னொரு இழப்பு, மாணவரின் தமிழைப் பாடத்துக்கு வெளியே நிறுத்துவது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். ‘பழைய பித்தளைப் பூட்டு’ என்றுதான் நம் பிள்ளைகள் சொல்வார்கள். ‘பித்தளைப் பழைய பூட்டு’ என்று ஒருவரும் சொல்வதில்லை. மூலப்பொருள் பெயரை ஒட்டியே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒட்டியிருப்பதை வல்லினம் மிகுந்து எழுத்திலும் காட்டுகிறது. காற்புள்ளிக்கும் தமிழில் சோதனை உண்டு. ‘பொறுமையும் நேர்மையும் உள்ள ஆசிரியர்’ எனலாம். ‘பழமையும் பித்தளையும் உள்ள பூட்டு’ எனச் சொல்லிப் பார்த்தால் நாக்கே மறுக்கும். ‘உம்’ ஏற்காத இடத்தில் காற்புள்ளிக்கும் இடமில்லை.

நன்னூல் ஒரு பெயருக்கு இரண்டு அடைகள் வருவதை வழக்காக ஏற்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் ‘சிறுகருங்காக்கை’யிலும் அளவு முன்னே, நிறம் பின்னே. தமிழ் தரும் இந்தத் துணைக்கு எல்லையும் உண்டு. ‘கருநெடுங்கண்’ என்று நிறம் முந்துவதையும் தமிழ் ஏற்கும். ‘சிறியதும் பழையதுமான பூட்டு’ என்பதில் ‘உம்’ பொருந்தினாலும், ஆங்கிலத்தில் அவ்விடத்தில் காற்புள்ளி வழக்கமில்லை. அங்கே வகை பார்க்கும் சூத்திரமே கைகொடுக்கும்.

ஆகவே ஓசாஸ்காம்ப்பைக் கைவிட வேண்டாம். இடம் மாற்றி வைத்தால் போதும். கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வி காந்திகிராமத்தில் வேரூன்றிய மாவட்டம் இது. பூட்டையும் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையையும் மேசைமேல் வைத்து, முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் இரண்டே அடைகளால் வருணிக்கச் சொல்ல வேண்டும். சூத்திரத்தை அதற்குப் பிறகு கொடுத்தால், தான் எழுதியதைச் சரிபார்க்கும் கருவியாக அது மாணவருக்குப் பயன்படும்.