கடைசிப் பத்தடி

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. வெளியூர் வியாபாரிகள் வந்து குவிந்திருக்கும் அந்த நேரத்தில் விலை கேட்பது, பணம் அனுப்புவது, கிடாயைப் படம் பிடித்து அனுப்புவது எல்லாமே போனில்தான். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்துக்கொண்டு, ஒரு கம்பெனியின் நேர்காணலுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். சந்தைக் கூட்டத்தின் போன்களும் அவளுடைய போனும் ஒரே டவரைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. சிக்னல் கட்டம் முழுதாகக் காட்டும்; படம் மட்டும் அசையாமல் நிற்கும்.

நம் வீடுகளில் லேப்டாப்புக்கு நெட் வந்த வழியே வயர்லெஸ் வழிதான். 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கொரோனாக் காலத்தில், 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசே இலவசமாகக் கொடுத்தது. அன்றைக்கு அது பெரிய உதவி. ஆனால் நெட் என்றாலே சிம் என்ற பழக்கமும் சேர்ந்தே வேர்விட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2024 முடிவில் நாட்டில் வயர் வழி பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 4 கோடி. வயர்லெஸ் வழி 90 கோடி.

வயரா, வயர்லெஸ்ஸா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறோம். தெருவிலிருந்து வீட்டுக்கு நெட் எப்படி வருகிறது என்பது ஒன்று. மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு அது எப்படிப் போகிறது என்பது வேறொன்று. ஃபைபர் போட்ட பிறகும் வீடியோ திக்கித் திணறினால் கேபிள்காரரைத்தான் திட்டுகிறோம். பல வீடுகளில் கோளாறு அந்தக் கடைசிப் பத்தடியில் இருக்கிறது.

முதல் கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான விடை கிடையாது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் என்ற கண்ணாடி இழையைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அய்யலூர் பேரூராட்சி என்பதால் அந்தக் கணக்கில் வராது. சுற்றியுள்ள ஊராட்சிகள் வரும். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, அங்கிருந்து தள்ளி தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்குத் தானாகப் போய்விடாது. ஒற்றை வீட்டுக்காகக் கம்பம் கம்பமாக இழை இழுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. தோட்டத்து வீட்டுக்கு வயர்லெஸ்தான் சரி. அதைக் குறை சொல்வது நியாயமல்ல. 2023-இல் வந்த ஏர்ஃபைபர் போன்ற சேவைகளில் மொட்டை மாடியில் ஒரு கருவியை மாட்டி 5ஜி சிக்னலை வாங்குகிறார்கள். இடையில் மலையோ தோப்போ மறைக்காமல் டவர் அருகில் இருந்தால் நன்றாகவே ஓடும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஃபைபர்தான் நல்லது. லாரி இடித்தோ மரக்கிளை விழுந்தோ இழை அறுந்தால், ஆள் வரும்வரை போன் டேட்டா கைகொடுக்கும்.

இரண்டாவது கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு லேன் வயர்தான். வைஃபையில் ஒரே சானலில் இருக்கும் கருவிகள் மாறி மாறித்தான் பேச முடியும்; ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பக்கத்து வீட்டு மோடமும் எதிர்வீட்டு மோடமும் அதே மூன்றில்தான் அடைந்துகிடக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் கனத்த சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். லேன் வயரில் இந்தக் காத்திருப்பு இல்லை. போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். 100 மீட்டர் வரை வேகம் குறையாது.

சந்தேகமிருந்தால் லேப்டாப்பிலிருந்து உங்கள் மோடத்தின் முகவரிக்கே பிங் கொடுத்துப் பாருங்கள். வயரில் ஒரு மில்லி செகண்டுக்குள் பதில் வரும், ஒவ்வொரு முறையும். வைஃபையில் ஒருமுறை 3, அடுத்தமுறை 40 என்று ஏறி இறங்கினால் கோளாறு வீட்டுக்குள்தான், தெருவில் இல்லை. சினிமா பார்க்க இந்த ஏற்ற இறக்கம் பொருட்டில்லை, படத்தை ஆப் முன்கூட்டியே சேமித்துக்கொள்ளும். ஆன்லைன் தேர்வும் நேர்காணலும் அதைத் தாங்காது.

வயருக்கும் குறைகள் உண்டு. மெல்லிய லேப்டாப்களில் லேன் துளையே இல்லை; யூஎஸ்பி அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். மலிவு வயரில் செம்பு பூசிய அலுமினியம் இருக்கும். நாலு தடவை மடக்கினால் உள்ளேயே முறிந்துவிடும். முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் வயர் செருகியதுபோலவே இருக்கும், இணைப்பு விட்டுவிட்டு வரும். எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் கோத்துக் கொடுத்தால் ஃபைபர் எவ்வளவு வேகமானாலும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. மாடிக்கு மாடி வெட்டவெளியில் லேன் வயர் இழுத்தால் கோடை இடிக்கு மோடமும் லேப்டாப்பும் சேர்ந்து போகலாம். வெளியே கண்ணாடி இழை, உள்ளே செம்பு என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கரண்ட் போனால் மோடமும் அணையும் என்பது உண்மைதான். 12 வோல்ட் மினி யூபிஎஸ் அதைச் சமாளிக்கும்.

ஃபைபர் போட வருகிறவர்கள் பெரும்பாலும் மோடத்தை ஹாலில் டிவிக்கு மேலே மாட்டிவிட்டுப் போகிறார்கள். சுவரில் துளை போடுவதற்கு முன்பே பிள்ளைகள் படிக்கும் மேசையைக் காட்டி, அதன் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். அப்போது மூன்று மீட்டர் லேன் வயரே போதும்.